எதிரி நாட்டின் அணு ஏவுகணைகளை உளவுத்துறை எப்படி எண்ணுகிறது?
ஒளித்து வைத்ததை எப்படி எண்ணுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். குண்டுகளை உளவுத்துறை நேரே எண்ணுவதில்லை. செய்மதிப் படத்தில் தெரியும் நிலத்தடிக் குழி மூடிகளையும் நீர்மூழ்கியின் முதுகிலுள்ள ஏவுகுழாய் மூடிகளையும்தான் எண்ணுகிறார்கள். ஓர் ஏவுகணை எத்தனை குண்டு சுமக்கும் என்பது, சோதனைப் பறப்பில் அது தன் இயக்கத்தைத் தரைக்கு அறிவிக்க அனுப்பும் தொலையளவிச் சமிக்ஞையை ஒட்டுக்கேட்டு ஊகிப்பது. அதை மறைகுறியாக்கினால் கணக்குத் தள்ளாடும். லொறியில் நகரும் ஏவுகணை இன்னும் பெரிய தலையிடி. அணுவெடிப்புச் சோதனையின் பலத்தை நில அதிர்வுமானி சொல்லிவிடும்; கண்டிக்கு அருகே நமது பல்லேகலையிலும் ஒன்று உண்டு.

பேர்போன சறுக்கல், சோவியத்திடம் நூற்றுக்கணக்கில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் குவியப்போகின்றன என்று 1950களின் கடைசியில் அமெரிக்க விமானப்படை அடித்துச் சொன்னது. 1960 ஓகஸ்ட்டில் அமெரிக்காவின் கொரோனா என்ற உளவுச் செய்மதியின் படச்சுருள் கைக்கு வந்தது. 1961 செப்டெம்பர் அமெரிக்க உளவு மதிப்பீட்டில் சோவியத் ஏவுதளங்கள் வெறும் 10 முதல் 25. தொழிற்சாலையால் செய்யக்கூடியதைச் செய்தே விடுவார்கள் என்று எடுத்துக்கொண்டதன் வினை.