வெட்டியவர் அண்ணன், கட்டை உங்கள் ஷெட்டில்

கேள்வி: ஸ்டாங்கர் பக்கம் எங்களுக்குக் கரும்புத் தோட்டம். எல்லையோரம் தாத்தா காலத்து வெள்ளை மில்க்வுட் மரம் ஒன்று நின்றது. ஆடி மாதம் அதனடியில்தான் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். நான் டர்பன் போயிருந்த நாளில், மரம் தன் நிலத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பெரியப்பா மகன் வெட்டிவிட்டார். கட்டையை அவர் விற்றுவிடக் கூடாதென்று என் பக்கியில் (சின்னச் சரக்கு வண்டியில்) ஏற்றி வந்து ஷெட்டில் பூட்டியிருக்கிறேன். தச்சர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். அண்ணன்மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா? நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்?

பதில்: பெரியம்மா கல்யாண வீட்டில் பேசியது, கோயில் கமிட்டியில் உங்களை ஒதுக்கியது எல்லாம் கடிதத்தில் விரிவாக இருக்கிறது. அதை எந்த மாஜிஸ்திரேட்டும் கேட்கப் போவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: கட்டை உங்கள் ஷெட்டில்.

வெள்ளை மில்க்வுட், தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசியக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரம். அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு வெட்டுவதோடு நிற்கவில்லை. உரிமம் இல்லாமல் அந்த மரத்தை வைத்திருப்பது, ஏற்றிச் செல்வது, விற்பது, வாங்குவது, சும்மா கொடுப்பதுகூடக் குற்றம். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்ற உங்கள் சண்டைக்கு இங்கே வேலையே இல்லை; சொந்த மரத்துக்கும் உரிமம் வேண்டும். தண்டனை அபராதம், அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அண்ணன் மாட்டுவார், சரி. ஆனால் ஏற்றி வந்ததும் பூட்டி வைத்திருப்பதும் நீங்கள்.

இப்படி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆத்திரத்தோடு ஸ்டேஷனுக்குப் போவார்கள். அஃபிடவிட்டில், "சாட்சியத்துக்காக மரத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று பெருமையாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். அது அவர்களே எழுதிக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம். ஆகவே வக்கீல் இல்லாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டையை வேறு இடத்துக்கு மாற்றவும் வேண்டாம்; அதுவும் இன்னொரு முறை ஏற்றிச் செல்வதுதான். உங்கள் வக்கீல் மூலம் வனத்துறைக்கு எழுதி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அடிமரத்தை மட்டும் இன்றே படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு குழியும் இருக்கிறது. "பணம் கொடு, இல்லாவிட்டால் வனத்துறைக்குச் சொல்வேன்" என்று அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். நியாயமான கோபம் மிரட்டிப் பணம் பறித்த வழக்காகத் திரும்பிவிடும், செய்தியும் உங்கள் போனிலிருந்தே கிடைக்கும்.

நஷ்டஈடா? முதலில் மரம் உங்கள் நிலத்தில் நின்றது என்று சர்வேயர் சொல்ல வேண்டும். அப்புறமும் கோர்ட் பார்ப்பது உங்கள் சொத்துக்கு ஏற்பட்ட பண நஷ்டத்தைத்தான். தாத்தா நினைவுக்கும் அம்மன் வழிபாட்டுக்கும் ராண்டில் விலை போட மாட்டார்கள். கரும்புக்காட்டு ஓரத்தில் ஒரு மரம் போனதால் நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைந்துவிடும்? வக்கீல் பீசுக்கே காணாது. சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு, அவசரமில்லை.

என்னைக் கேட்டால் சமாதானமாகப் போங்கள். சர்வே செலவைப் பாதிப் பாதியாகப் போட்டு எல்லையை நிலையாகக் குறித்துக்கொள்ளுங்கள், அண்ணன் செலவில் அங்கே மில்க்வுட் கன்றுகள் நடட்டும். ஒப்பந்தத்தை வக்கீல் எழுதட்டும். "வனத்துறைக்குச் சொல்ல மாட்டோம்" என்ற வரி மட்டும் அதில் வரக் கூடாது. குற்ற வழக்கை முடித்துக்கொள்ளும் அதிகாரம் உங்கள் இருவருக்கும் கிடையாது.

தச்சருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள், அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.