மட்பாண்டத்துக்குச் சரி, வயலினுக்கு இல்லை

கேள்வி: ஐயா, என் மகள் நியூ ஜேர்சியில் இருக்கிறாள். பேத்தி பிறந்த வருடமே அவளுடைய படிப்புக்கென்று 529 என்றொரு கணக்கைத் திறந்து மாதாமாதம் காசு போட்டு வந்தார்கள். இப்போது பேத்திக்கு 19 வயது. ஒரு வருடம் கழித்துத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போவேன் என்கிறாள். அதுவரை வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கொம்யூனிட்டி கொலிஜில் மட்பாண்ட வகுப்புக்குப் போகப் போகிறாளாம். பிறகு மூன்று மாதம் என்னோடு வந்து நின்று வயலின் பழகுவாளாம். பட்டத்துக்கு இல்லாத இந்த வகுப்புகளுக்கு அந்தக் காசை எடுக்கலாமா? மருமகன் முழுக்காசுக்கும் வரி என்கிறார். மகள் வரியே இல்லை என்கிறாள்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: ரீச்சர், இரண்டு பேரும் பிழை. கொஞ்சம் கொஞ்சம் சரியும்தான்.

529 என்பது அமெரிக்க வரிச் சட்டத்தில் ஒரு பிரிவின் இலக்கம். 1996இல் வந்தது. போடுகிற காசுக்கு மத்திய அரசின் வரியில் கழிவு கிடையாது. ஆனால் உள்ளே வளரும் இலாபத்தைப் படிப்புச் செலவுக்கு எடுத்தால் அதற்கு வரி இல்லை. எல்லோரும் தடக்கி விழுவது அந்தப் ‘படிப்புச் செலவு’ என்ற சொல்லில்தான்.

பிள்ளை பட்டத்துக்குப் படிக்கிறதா என்று சட்டம் கேட்பதில்லை. எங்கே படிக்கிறது என்றுதான் கேட்கிறது. அந்த இடம் அமெரிக்க மத்திய அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் சேரத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும். அப்படியான கல்லூரிகளுக்கு ஆறு எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். மாணவர் உதவி விண்ணப்பத்துக்கான இணையப் பக்கத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால் அது வரும். கொம்யூனிட்டி கொலிஜுகளுக்குப் பெரும்பாலும் இருக்கும், என்றாலும் மகளை ஒருதரம் பார்க்கச் சொல்லுங்கள். குறியீடு இருந்தால் மட்பாண்ட வகுப்பின் கட்டணத்தை 529இலிருந்து தாராளமாகக் கட்டலாம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வகுப்புப் பட்டியலின் படத்தையும் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் களிமண், அறுக்கிற கம்பி, ஊசி, பஞ்சு, மேலங்கி என்று போட்டு, வகுப்புக்குக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரி பெறுமதியான வரி. வகுப்புக்குக் கட்டாயமான பொருளும் படிப்புச் செலவுதான். அந்தத் தாளையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் வைத்து வனையப் பிள்ளை சக்கரம் ஒன்று கேட்டால் அது அம்மம்மாவின் செலவு! தங்குமிடமும் சாப்பாடும் கணக்கில் வராது. அதற்குக் குறைந்தது அரைநேர மாணவியாக இருக்க வேண்டும். ஆட்கள் சேராமல் வகுப்பு நின்று, கல்லூரி காசைத் திருப்பித் தந்தால், 60 நாளுக்குள் அதை 529க்குள் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

வயலின் வேறு கதை. இங்கே ஒரு ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் பாயில் இருந்து பழகுவதற்கு அந்தக் குறியீடு எங்கே கிடைக்கும்? அதற்கு எடுக்கும் காசு தகுதியில்லாத செலவு. மாதம் 5,000 ரூபா என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு ஐம்பது டொலர் அளவில் வரும். இதற்காகவா மகளும் மருமகனும் சண்டை பிடிக்கிறார்கள் என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது, உண்மையில் அவர்கள் கதைப்பது பிளேன் ரிக்கெற் பற்றி. அதுவும் ஆகாது, ரீச்சர். தகுதியுள்ள கல்லூரிக்கே பறந்து போனாலும் பயணச் செலவு 529இல் சேராது.

மீறி எடுத்தால் என்ன நடக்கும்? இந்த இடத்தில்தான் மருமகனின் பிழை. முழுக்காசுக்கும் வரி இல்லை. இலாபப் பங்குக்கு மட்டும்தான். கணக்கில் 30,000 டொலர் இருக்கிறது, அதில் 18,000 அவர்கள் போட்டது, 12,000 வளர்ந்தது என்று வைப்போம். ரிக்கெற்றுக்கும் மற்றதுக்குமாக 2,500 எடுத்தால் அதில் 40 வீதம், அதாவது 1,000 டொலர், இலாபம். ‘நாங்கள் போட்ட காசைத்தான் எடுத்தோம்’ என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் இரண்டும் கலந்தே வரும். அந்த 1,000க்கு வழமையான வருமான வரியும், அதற்கு மேல் 10 வீதமும். 12 வீத வரிக்காரருக்கு 120உம் 100உம், 220 டொலர். மாநில வரி வேறு. காசைப் பேத்தியின் பெயருக்கு எடுத்தால் கணக்கு அவளுடைய வரியில் வரும். அவளுக்கு வேறு வருமானம் இல்லையென்றால் அந்த 120 இல்லாமலும் போகலாம், ஆனால் 10 வீதம் போகாது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆனதற்குக் காரணம் என் முட்டாள்தனம். நியூ ஜேர்சியிலுள்ள எடிசன் என்ற ஊரில் இருந்தபோது, 2016இல், மூத்தவன் மூன்று மாதக் கொம்பியூட்டர் பயிற்சிக்குப் போனான். பெயரைக் கேட்டால் பல்கலைக்கழகம் என்றே நினைப்பீர்கள். போய்ப் பார்த்தால் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை. நான் கணக்காளன், ஆனாலும் குறியீட்டைப் பார்க்கவில்லை. 529இலிருந்து என் பெயருக்கு 6,000 டொலர் எடுத்துக் கட்டினேன். அடுத்த பெப்ரவரியில் ‘1099-கியூ’ என்ற படிவம் தபாலில் வந்தது. முதலாவது பெட்டியில் எடுத்த தொகை, இரண்டாவதில் இலாபம், மூன்றாவதில் நாங்கள் போட்டது. இரண்டாவது பெட்டியில் 2,100. எதற்குச் செலவழித்தாய் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை, நாங்களே பார்த்து வரிப் பத்திரத்தில் காட்ட வேண்டும். 25 வீதப்படி 525, அபராதம் 210. மொத்தம் 735 டொலரை மனைவி பார்க்காத நேரத்தில் கட்டினேன்.

இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. 2025 யூலை 4இல் கையெழுத்தான சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சான்றிதழ்ப் பயிற்சிகளுக்கும் அவற்றின் பரீட்சைக் கட்டணத்துக்கும் 529 காசை எடுக்கலாம். வயலின் அதற்குள்ளும் வராது.

மகளுக்கு இன்னொன்று. தொழில் திறமைக்காக ஒரு வகுப்பு எடுத்தால், பட்டம் இல்லாவிட்டாலும், ‘வாழ்நாள் கற்றல்’ வரிச்சலுகை கிடைக்கலாம்: கட்டணத்தில் 20 வீதம், ஆகக்கூடியது 2,000 டொலர். 529இல் கட்டிய அதே கட்டணத்துக்கு அதையும் கேட்க முடியாது. கட்டணம் கட்டுகிற அதே ஆண்டுக்குள் 529 காசையும் எடுப்பது நல்லது. டிசம்பரில் கட்டி ஜனவரியில் எடுத்துத் தலையிடிப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

வயலின் காசை நீங்களே கொடுங்கள், ரீச்சர். பிள்ளை வந்தால் கோண்டாவிலுக்கும் ஒருநாள் கூட்டி வாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவிலுள்ள என் அண்ணாவின் மகன் படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டான். 529இல் மிஞ்சிய காசு அரசாங்கத்துக்கா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லை. அந்தக் கணக்குக்குக் காலாவதித் திகதி கிடையாது. கணக்கு 15 வருடம் பழையதென்றால், அவன் உழைக்கிறான் என்பதால், 2024 முதல் வருடாவருடம் கொஞ்சமாக மொத்தம் 35,000 டொலர் வரை அவனுடைய ‘ரோத்’ ஓய்வூதியக் கணக்குக்கு மாற்றலாம். கடைசி ஐந்து வருடத்தில் போட்டது அதில் சேராது. அல்லது பெயரைத் தம்பி தங்கைக்கோ ஒன்றுவிட்ட சகோதரருக்கோ மாற்றலாம், வரி இல்லை. உங்கள் மகளும் அவனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதானே என்று நீங்கள் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். உறவு சரிதான். ஆனால் அவளுக்கு அமெரிக்க சமூகப் பாதுகாப்பு இலக்கமோ வரி இலக்கமோ இருக்க வேண்டும், அவள் படிக்கும் இடத்துக்கும் அந்த ஆறெழுத்துக் குறியீடு இருக்க வேண்டும்.