துறைமுகம் வேறு, சுங்க எல்லை வேறு

குன்னூரில் தேயிலை ஏற்றுமதிக் காகிதங்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவன் என்பதால், இந்த வாரக் கேள்விகள் என்னிடம் வந்திருக்கின்றன.

கே: அரசே துறைமுகம் கட்டினால் மறுநாளே சரக்கு ஏற்றலாம்தானே? (கோத்தகிரி)

ப: முடியாது. பெர்த்தும் (கப்பல் அணையும் மேடை) கிரேனும் இருந்தால் கப்பல் நிற்கும், அவ்வளவுதான். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 7ஆம் பிரிவின்படி மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அதைச் சுங்கத் துறைமுகமாக அறிவிக்க வேண்டும். பிறகு 8ஆம் பிரிவின்படி, எந்த இடத்தில் ஏற்றி இறக்கலாம், சுங்க எல்லை (சுங்க அனுமதி கிடைக்கும்வரை சரக்கை வைத்திருக்கும் வளாகம்) எதுவரை என்று ஆணையர் வரையறுப்பார். இறக்குமதிச் சரக்கு யார் காவலில் இருக்கும் என்பதற்கு 45ஆம் பிரிவு. கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் 2015இல் கட்டுமானம் தொடங்கியது. 7ஆம் பிரிவு அறிவிக்கை கைக்கு வந்தது 2024இல்.

கே: மாநில அரசின் சிறு துறைமுகத்துக்குமா டெல்லியின் அறிவிக்கை? (குன்னூர்)

ப: ஆம். நிர்வாகம் மாநிலத்துடையது, சுங்கம் அரசியலமைப்பின் ஒன்றியப் பட்டியலில், அதாவது மத்திய அரசின் அதிகாரத்தில் இருக்கிறது.

கே: சிறப்புப் பொருளாதார மண்டலமும் சுங்க எல்லையும் ஒன்றா? (ஊட்டி)

ப: இல்லை. அது 2005ஆம் ஆண்டின் தனிச் சட்டம், வணிக அமைச்சகத்தின் பொறுப்பு.

கே: சுங்க எல்லை என்றால் வெறும் வேலிதானா? (குன்னூர்)

ப: வேலியைவிட, உள்ளே இருக்கும் ஷெட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒருமுறை சோதனைக்காகத் திறந்த எங்கள் தேயிலைப் பைகளை வற்றல் மிளகாய் மூட்டைகளின் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். இரண்டே இரவு. வெந்நீர் ஊற்றிச் சுவைத்தால் தொண்டையில் கமறியது. தேயிலை அப்படித்தான், அண்டை வீட்டு வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். காவலில் உள்ள சரக்கின் பாதுகாப்புக்குக் காவல் பொறுப்பாளரே (சுங்க அனுமதி கிடைக்கும்வரை சரக்கை வைத்திருக்கும் நிறுவனம்) பொறுப்பு என்று 2009ஆம் ஆண்டின் சரக்குக் கையாளல் விதிமுறைகள் சொல்கின்றன. புகாரை எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லை எவரும் கோப்பில் சேர்ப்பதில்லை.

கே: கடலுக்குப் போகாமல் சுங்க வேலையை இங்கேயே முடிக்க வழியில்லையா? (கூடலூர்)

ப: கடலுக்குத் தொலைவிலேயே சுங்க வேலையை முடிக்கும் உள்நாட்டுக் கன்டெய்னர் முனையங்களும் அதே 7ஆம் பிரிவில்தான் வருகின்றன, கோவை அருகே ஒன்று இருக்கிறது. அனுமதி பெற்றால் ஆலையிலேயே மின்னணு சீல் வைத்து அனுப்பலாம். சீல் எண்ணை ஷிப்பிங் பில்லோடு (சுங்கத்திடம் கொடுக்கும் ஏற்றுமதிப் படிவம்) ஒருமுறைக்கு இருமுறை ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் பிசகினால் கன்டெய்னர் வாயிலிலேயே நிற்கும். ஆனால் பர்லியாறு கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதடிக் கன்டெய்னரை ஏற்ற நினைக்காதீர்கள். சரக்கை லாரியில் மலையிறக்கி, மேட்டுப்பாளையத்தில் கன்டெய்னரில் அடைப்பதே நல்லது.