நாவல், காமிக்ஸ் கேள்வி பதில்: முன்னுரையைக் கடைசியில் படிக்கவும்

அரைத்தூக்கம்: காமிக்ஸ் வாங்கினா அரை மணி நேரத்துல முடிஞ்சிடுது. அதே காசுக்கு நாவல் ஒரு வாரம் தாங்குது. காமிக்ஸ் நஷ்டம்தானே?

பலூனை, அதாவது வசனக் குமிழை மட்டும் படித்துக்கொண்டு போனால் அரை மணிகூட ஆகாது. ‘வாட்ச்மென்’ (1986–87, 12 இதழ்கள்) முதல் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடையோரம் இரத்தத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு பேட்ஜ். கட்டத்துக்குக் கட்டம் பார்வை செங்குத்தாக மேலே ஏறுகிறது. நடைபாதையைக் கழுவிவிடும் ஆள், தெரு, வண்டி எல்லாம் சிறுத்துக்கொண்டே போகின்றன. கடைசிக் கட்டத்தில் உடைந்த ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்க்கிறார். எவ்வளவு உயரத்திலிருந்து ஆள் விழுந்திருக்கிறான் என்பதை யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் கண் அளந்து முடித்துவிடும். அதே பக்கத்தில் பதாகை தூக்கிக்கொண்டு ஒருவர் நடந்து போகிறார். முதல் தடவை அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இதற்குமேல் சொல்ல மாட்டேன்.

முதல் சுற்றில் கதைக்காக ஓடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒரு பலூனைக்கூடப் படிக்காமல் படத்தை மட்டும் பாருங்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்ததும் முதல் பக்கத்தையும் 28ஆம் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பிறகு 2ஐயும் 27ஐயும். கட்ட அமைப்பு கண்ணாடியில் பார்த்ததுபோல் இருக்கும். 14–15இல் இரண்டு பாதிகளும் வந்து முட்டும். போனில் படிப்பவர்கள், கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அது பக்கத்தை ஒழித்துவிட்டுக் கட்டத்தை மட்டும் கொடுக்கிறது. ஓவியர் யோசித்தது பக்கத்தை.

இன்னொன்று, முன்னுரை இருந்தால் கடைசியில் படியுங்கள். முக்கால்வாசி முன்னுரைகள் முடிவைப் போட்டு உடைப்பவை.

மாயாவி ரசிகன்: சின்ன வயசுல உயிரா படிச்ச இரும்புக்கை மாயாவியை இப்ப தொகுப்பா படிச்சா சலிக்குது. வயசாயிடுச்சா சார்?

வயதுமேல் பழி போடாதீர்கள். அது 1962இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வாரத்துக்கு ஓரிரு பக்கமாக வந்த தொடர். அதனால் இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை அந்தரத்தில் தொங்கவிட வேண்டும், அடுத்த வாரம் அதை மீண்டும் நினைவூட்ட வேண்டும். முழுத் தொகுப்பை ஒரே மூச்சில் விழுங்கினால் அந்த நினைவூட்டல்கள்தான் பல்லில் கடிபடும். ஒரு நாளைக்கு எட்டுப் பக்கம் போதும். தொடக்கத்தில் கிராண்டல் (மாயாவியின் மூலப் பெயர்) நல்லவனே இல்லை என்பதையும் கவனியுங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற அந்த ஆள், முதலில் குற்றவாளி. உளவாளி வேலையெல்லாம் பிறகுதான். 1972இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாக வந்தபோது நம் ஆட்கள் அவனை நேரே நாயகனாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கறுப்பு நிழல்களுக்காகவே இன்னொரு முறை புரட்டலாம்.

கௌபாய்: டெக்ஸ் வில்லர் கலர்ல வாங்கவா, கருப்பு வெள்ளையா?

கருப்பு வெள்ளை. நிழலை மையாலேயே போட்டு முடித்த படம் அது. மேலே வண்ணம் பூசினால் சேறாகிவிடும். வண்ணத்துக்கென்றே வரைந்த சிறப்பிதழ்கள் வேறு கணக்கு.

சோழர் படை: பொன்னியின் செல்வன் நாலாம் பாகம் முடிச்சேன். எங்கேயோ ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கு. என் ஞாபக மறதியா, புத்தகமா?

புத்தகமாகவும் இருக்கலாம். நாட்டுடைமை ஆன நூல் என்பதால் பதிப்புகள் ஏராளம், சுருக்கப் பதிப்புகளும் உண்டு. சில அட்டைகளில் அந்தச் சொல் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். வரிசையாக 57, 53, 46, 46, 91, மொத்தம் 293. குறைந்தால் உங்கள் கையில் இருப்பது சுருக்கம். ஐந்தாம் பாகம் மட்டும் மற்றவற்றைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த கதை. அத்தியாயக் கடைசியில் வரும் கொக்கிகள் அதற்காகப் போட்டவை. பதிப்பாளர் உரையைக் கடைசியில் படிக்கவும்.

புதுமுகம்: எதிலிருந்து தொடங்கலாம்?

எந்த வகை பிடிக்கும் என்று சொல்லாமல் கேட்டால் பதில் இல்லை.

புதுமுகம்: துப்பறியும் கதை. அகதா கிறிஸ்டி?

‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ (1926). யாரிடமும் விசாரிக்காமல், இணையத்தில் தேடாமல், பின்னட்டைகூடப் பார்க்காமல் படியுங்கள். இந்த நாவலைப் போல முன்னுரையால் சீரழிந்த நாவல் குறைவு. ‘கர்ட்டன்’ நாவலை மட்டும் கடைசிக்கு வையுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பூட்டி வைத்து 1975இல் வெளியானது, கிறிஸ்டியின் துப்பறிவாளர் புவாரோவின் கடைசி வழக்கு.

மணல்மேடு: ‘டூன்’ நாவல்ல துரோகி யாருன்னு ஆரம்பத்திலேயே ஆசிரியரே சொல்லிடுறாரே. முன்னுரை சொன்னா குத்தம், ஆசிரியர் சொன்னா சரியா?

நல்ல கொக்கி. ஆசிரியர் எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று அளந்து சொல்கிறார். யார் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்கிறவனை இவர்கள் எப்போது கண்டுபிடிப்பார்கள் என்ற பதைப்பை வைக்கிறார். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. முன்னுரைக்காரர் கேள்வியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், பதிலுக்கு எதையும் வைக்க மாட்டார். பின்னிணைப்பில் உள்ள சொல்லகராதியைச் சொல்லுக்கு மட்டும் பாருங்கள், மற்ற பின்னிணைப்புகள் பிறகு.

வலதுகைக்காரன்: மங்காவை, அதான் ஜப்பான் காமிக்ஸை, வலமிருந்து இடமா படிக்கச் சொல்றது அநியாயம். படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடிச்சா முடிஞ்சுது. ‘அகிரா’வே அப்படி வந்ததுதானே?

வந்தது. 1988இல் அமெரிக்காவில் வண்ணம் பூசி, திருப்பிப் போட்டார்கள். திருப்பினால் என்ன ஆகும் தெரியுமா? இடுப்பின் இடப்பக்கம் இருக்கும் வாள் வலப்பக்கம் போய், சாமுராய்கள் எல்லாரும் இடதுகைக்காரர்கள் ஆவார்கள். கிமோனோவின் இடப்பக்க மடிப்பு மேலே வருவது வழக்கம், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. திருப்பிய பக்கத்தில் கல்யாண வீடு முழுக்கப் பிணங்கள்தான்.

வலதுகைக்காரன்: அதெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் தெரியும். நமக்குப் படம் படம்தானே?

முகம் தெரியுமல்லவா? வரைந்த தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது ஓவியர்களின் பழைய பழக்கம். கண் ஏறி இறங்கியிருந்தால், தாடை கோணியிருந்தால் அப்போதுதான் பளிச்சென்று தெரியும். அவர் பார்த்துப் பார்த்துச் சமன் செய்ததை நீங்கள் கவிழ்த்துக் காட்டுகிறீர்கள். கடைப்பலகை எழுத்து, ஓசை எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் வலமாகும், அவற்றை அழித்து வரைய வேண்டும்.

வலதுகைக்காரன்: சரி, திருப்ப வேணாம். கட்டத்தை மட்டும் வெட்டி இடம் மாத்தி ஒட்டினா?

அது இன்னும் மோசம். அடுத்தடுத்த கட்டங்களில் பேசிக்கொள்ளும் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி நிற்பார்கள். கட்டத்தைத் தாண்டி நீளும் கையும் வாளும் பாதியில் அறுபடும். ஒரே ஒரு இடத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். நான்கு கட்ட நகைச்சுவை மேலிருந்து கீழே போகும், அதில் திசைச் சண்டை இல்லை. தமிழில் உண்மையான தலைவலி திசையே அல்ல, பலூன். ஜப்பானிய எழுத்து மேலிருந்து கீழே ஓடுவதால் பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதில் ‘போய்க்கொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். நான்கு துண்டாக உடையும், இல்லாவிட்டால் எழுத்து எறும்பாகும். ‘போறாங்க’ என்று எழுதத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்தான் பிழைப்பார்.

படிக்கும் முறை: வலப்பக்க மேல் மூலையில் தொடங்குங்கள். கட்டத்துக்குள் பலூனும் வலமிருந்து இடம்தான், பலரும் தடுக்குவது அங்கேதான். இருபது பக்கத்தில் கண் பழகிவிடும்.

வலதுகைக்காரன்: ஒத்துக்க மாட்டேன்.

வேண்டாம்.

பழைய பேப்பர்: இந்தச் சண்டையில என் கேள்வி அமுங்கிடுச்சு. பழைய காமிக்ஸ் மஞ்சளாகுது, பின் துருப்பிடிக்குது. என்ன பண்ண?

மலிவுத் தாளில் உள்ள லிக்னினும் அமிலமும்தான் மஞ்சளுக்குக் காரணம். நிறம் திரும்பாது, வேகத்தைக் குறைக்கலாம். வெயில் படாமல், ஈரம் இல்லாத இடத்தில், பின்னால் அமிலமற்ற அட்டை கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பதன் முதுகு மடங்கும். துருப்பிடித்த பின்னின் மடங்கிய முனைகளை நடுப்பக்கத்தில் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு, வெள்ளை நூலால் அதே துளைகளில் தையுங்கள். செலோடேப் மட்டும் கூடவே கூடாது. பசை பழுப்பாகி மையோடு ஒட்டிக்கொள்ளும்.

அம்மா: ‘மௌஸ்’ எலிக் கதையாமே, எட்டு வயசுப் பையனுக்கு வாங்கலாமா?

வேண்டாம். நாஜி வதைமுகாம்களில் பிழைத்த தந்தையின் கதை, தாயின் தற்கொலையும் உள்ளே வருகிறது. 1992இல் சிறப்பு புலிட்சர் பெற்றது. அவன் 13, 14ஐத் தொடட்டும். அப்போதும் முதலில் நீங்கள் படித்துவிட்டுக் கொடுங்கள்.

புதுமுகம்2: எதிலிருந்து தொடங்கலாம்?

மேலே போய்ப் படியுங்கள்.

இரவல்: பிடிஎஃப் இருக்கா?

இல்லை.

புதுமுகம்: சார், அக்ராய்ட் வாங்கிட்டேன். உங்க பதிலைப் பார்க்கறதுக்கு முன்னாடியே முன்னுரையைப் படிச்சுத் தொலைச்சுட்டேன். இப்ப என்ன பண்றது?

அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டு கிறிஸ்டியின் ‘ஆண்ட் தென் தேர் வேர் நன்’ எடுங்கள். ஆறு மாதம் கழித்து அக்ராய்டைத் திறக்கும்போது பெயர் நினைவுக்கு வராமலிருக்க வாய்ப்பு உண்டு. முன்னுரைப் பக்கங்களை ஒரு கிளிப் போட்டுச் சேர்த்துக் கவ்வி வையுங்கள்.