மூளையைப் படம் பிடித்தவர், மூளையை அறுத்தவர்

அன்புள்ள ஐயா,

தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் அம்மாவின் மூளை ரத்தக்குழாயில் ஒரு புடைப்பு இருப்பது தெரியவந்தது. ஆஞ்சியோகிராம் எடுத்து, சிகிச்சையும் முடிந்து, நலமாக வீடு திரும்பிவிட்டார். அந்தப் பரிசோதனையை உருவாக்கியவர் யார் என்று தேடினேன். எகாஸ் மோனிஸ் என்ற போர்த்துகீசிய மருத்துவர். மனநோய்க்காக மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் லோபாட்டமியைத் தொடங்கிவைத்தவரும் அவரே, நோபல் பரிசு கிடைத்ததும் அதற்காகவே என்று படித்தபோது அதிர்ந்துபோனேன். அன்று மனநோய்க்கு மாத்திரைகள் இல்லை. அவரை அவருடைய காலத்தை வைத்துத்தானே மதிப்பிட வேண்டும்? இந்த அறுவை இன்றும் நம் நாட்டில் நடக்கிறதா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அம்மா நலமடைந்தது குறித்து மிக்க மகிழ்ச்சி.

மோனிஸை அவர் காலத்தை வைத்தே மதிப்பிடுவோம். ஆனால் அந்தக் காலத்தில் அவர் மட்டும் வாழவில்லை. அவரை எதிர்த்தவர்களும் வாழ்ந்தார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

எக்ஸ்-ரேயில் மண்டையோடு தெரியும், மூளை தெரியாது. 1918இல் அமெரிக்காவில் வால்டர் டேன்டி மூளையின் உள்ளறைகளில் காற்றைச் செலுத்திப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு முதுகுத்தண்டு வழியாகவே காற்றை ஏற்றினார். நோயாளிக்குத் தலை பிளக்கும் வலியும் வாந்தியும் வரும். ஆனாலும் 1970கள் வரை உலகம் இந்த முறையைக் கைவிடவில்லை. வேறு வழி அதிகம் இருக்கவில்லை.

மோனிஸ் ரத்தக்குழாய்களைத் தேர்ந்தெடுத்தார். எக்ஸ்-ரேயில் தெரியும் திரவத்தைக் கழுத்துத் தமனியில் செலுத்தினால், அது மூளையைக் கடந்துபோகும் சில விநாடிகளுக்குள் படம் எடுத்துவிட வேண்டும். முதலில் ஸ்ட்ரான்ஷியம் புரோமைடைப் பயன்படுத்தினார். ஒரு நோயாளி இறந்தார். பிறகு சோடியம் அயோடைடுக்கு மாறினார். கீல்வாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயிருந்ததால், கத்தியும் ஊசியும் பிடித்தது அல்மெய்டா லீமா என்ற இளம் அறுவை மருத்துவர். 1927 ஜூன் 28 அன்று லிஸ்பனில் படம் சரியாக விழுந்தது. கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே தமனிகள் இடம் தள்ளி வளைந்து தெரிந்தன.

அந்தப் படத்தை யாரும் சரிபார்க்கலாம் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். மண்டையைத் திறந்தால் கட்டி அங்கே இருக்கும், அல்லது இருக்காது. பிழை என்றால் மோனிஸின் பெயரும் புகழும் அதை மறைக்க முடியாது. 1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய முதல் சி.டி. ஸ்கேனும் இப்படித்தான் தேறியது. ஒரு பெண்ணின் மூளையில் அது காட்டிய கட்டி, அறுவையின்போது காட்டிய இடத்திலேயே இருந்தது.

படத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1931இல் மோனிஸ் தோரோட்ராஸ்ட் என்ற மருந்துக்கு மாறினார். வலி இல்லை, படமும் துல்லியம். ஆனால் அது கதிரியக்கமுள்ள தோரியம். உடலை விட்டு வெளியேறாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து அதை ஏற்றிக்கொண்டவர்கள் பலருக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. எடுத்த அன்று பார்த்தால் அற்புதமான படம்.

இனி லோபாட்டமி. 1935 நவம்பர் 12 அன்று பொம்பார்டா மனநல விடுதியிலிருந்து 63 வயதுப் பெண் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மண்டையில் இரண்டு துளைகள் போட்டு, நெற்றிமடலின் வெண்ணிழைகளை அழிக்க ஆல்கஹால் செலுத்தினார்கள். செலுத்தியவர் அதே லீமா. பின்னர் ஆல்கஹாலுக்குப் பதிலாக, கம்பி வளையம் கொண்ட ஒரு கருவியைச் சுழற்றி இழைகளை அறுத்தார்கள். சில மாதங்களில் 20 பேர். ஏழு பேர் குணமடைந்தனர், ஏழு பேர் தேறினர், ஆறு பேரிடம் மாற்றமில்லை என்று 1936இல் மோனிஸ் அறிவித்தார். பெரும்பாலானோரை அவர் கவனித்தது சில வாரங்களே. முதல் நோயாளி திரும்பிப் போனது அதே விடுதிக்குத்தான்.

‘குணம்’ என்று முடிவு செய்தது யார்? சிகிச்சை அளித்தவரே. கத்தாமல், அழாமல், ஓரிடத்தில் அமர்ந்திருப்பவர் குணமானவர் என்று கணக்கானது. அவருடைய விருப்பு வெறுப்புகள், முன்முயற்சி, தன் நாளைத் தானே நடத்திக்கொள்ளும் திறன் எல்லாம் என்னவாயின என்பதை அளக்க எந்தப் படமும் இல்லை. அளக்கும் ஆர்வமும் இல்லை. முன்பு தனக்கிருந்த சரிபார்ப்பை மோனிஸ் இங்கே வேண்டாம் என்று ஒதுக்கினார். என் குற்றச்சாட்டு இதுதான்.

நோயாளிகளை அனுப்பிவைத்த மனநல மருத்துவர் சோப்ரால் சிட் விரைவிலேயே விலகிக்கொண்டு, அறுவைக்குப் பின்னிருந்த கோட்பாட்டை வெளிப்படையாகவே கண்டித்தார். அவரும் அதே லிஸ்பனில், மாத்திரைகள் இல்லாத அதே காலத்தில், நெரிசலான அதே விடுதிகளைப் பார்த்தவர். 1950இல் சோவியத் ஒன்றியம் இதைத் தடை செய்தது. ஆகவே ‘அந்தக் காலம் அப்படி’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நோபல் வந்தது 1949இல். அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன், அறுவை மருத்துவராக இல்லாமலே, கண்குழி வழியாக ஊசியைத் தட்டி இறக்கும் முறையை 1946இல் தொடங்கி, ஊர் ஊராகச் சென்று செய்துகாட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்நாட்டில் மொத்தம் சுமார் 40,000 பேர் இந்த அறுவைக்கு உள்ளானார்கள். ஃப்ரீமன் கடைசியாகச் செய்தது 1967இல். அந்த நோயாளி மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார்.

இந்தியாவும் விலக்கல்ல. 1940களிலேயே பெங்களூரு மனநல மருத்துவமனையில் இது நடந்தது. பிற்காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், கட்டுக்கடங்காத மூர்க்கத்துக்காக, மூளையின் சிறு புள்ளியை மட்டும் குறிவைக்கும் வேறு வகை அறுவைகளை ராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகியோர் செய்து, முடிவுகளை மருத்துவ இதழ்களில் வெளியிட்டார்கள். மனநோய்க்கான மூளை அறுவையை இன்று சட்டம் முழுமையாகத் தடை செய்யவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, விவரம் அறிந்து நோயாளியே தரும் சம்மதம் வேண்டும், அதற்கு மேல் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். குடும்பத்தார் கையெழுத்து மட்டும் போதாது.