லுபுண்டு பீட்டாவைப் பழைய லேப்டாப்பில் சோதித்துப் பார்க்கலாமா?

கேட்டவரிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். வேலைக் கோப்புகளும் அதிலேயே. தாராளமாகச் சோதிக்கலாம், ஆனால் அந்த வட்டில் நிறுவ வேண்டாம்.

லுபுண்டு என்பது உபுண்டு லினக்ஸின் இலகுவான வடிவம். அதன் புதுப் பதிப்பு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளிவரும். அதற்குச் சில வாரங்கள் முன்பு வருவது பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு. அந்தக் கட்டத்தில் புது வசதிகள் சேர்ப்பது நின்று, பிழை திருத்தமே பெரும்பாலும் நடக்கும். தினமும் புதிதாக உருவாகும் தினசரிப் பதிப்பு அப்படியல்ல. நேற்று ஓடியது இன்று பூட் ஆகாமல் போகலாம்.

ஐஎஸ்ஓ எனும் நிறுவல் கோப்பு இறங்கியதும், அது முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணைச் சரிபாருங்கள். அரைகுறையாக இறங்கிய கோப்பை வைத்துக்கொண்டு, இல்லாத பிழையைத் தேடி ஒரு மாலை முழுக்க வீணடித்தவன் நான். அப்புறம் பென்டிரைவில் எழுதி, நிறுவாமல் பென்டிரைவிலிருந்து லைவாகவே ஓட்டுங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? இதையெல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் போலிக் கணினி ஓட்டும் மென்பொருள்) சொல்லாது, ஏனென்றால் அதற்குத் தெரிவது போலி வன்பொருள்தான். லுபுண்டுவை வட்டில் நிறுவித் தரும் காலமாரெஸ் மென்பொருளைச் சோதிக்க மட்டும் அது அருமையான இடம். வட்டைத் தாறுமாறாகப் பிரித்தாலும் நஷ்டமில்லை.

பிழை கிடைத்தால் டெர்மினலில் 'உபுண்டு-பக்' (ubuntu-bug) கட்டளையோடு, பிழையுள்ள மென்பொருளின் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். தேவையான விவரங்களை அதுவே திரட்டி, பிழைகளைப் பதியும் தளமான லாஞ்ச்பேடுக்கு அனுப்பும். அங்கே ஒரு கணக்கு வேண்டும். "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பீட்டாவைத் தனி வட்டில் நிறுவியிருந்தால், வழக்கமான அப்டேட்களே அதை இறுதிப் பதிப்பாக்கிவிடும்.