பிக்கப் வண்டியின் டீசல் செலவு: வேலூர் வட்டாரக் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பிக்கப் வண்டியை நம்பித் தொழில் செய்வோர் கேட்டவற்றிலிருந்து, பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரணியிலிருந்து அரிசி ஏற்றும் வாசகர்: வண்டியின் திரை காட்டும் மைலேஜும் நான் போடும் கணக்கும் ஒத்துப்போவதில்லை. எதை நம்புவது?

டேங்கை நிரப்பி, மீண்டும் நிரப்பிப் போடும் கணக்கையே நம்புங்கள். திரையில் வருவது, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தைக் கொண்டு வண்டியின் கணினி போடும் மதிப்பீடு. ஒரே பங்கில், முடிந்தால் ஒரே பம்பில், தானாக நிற்கும் அளவு வரை டீசல் நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே அளவு வரை நிரப்பும்போது ஓடிய தூரத்தை அன்று பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும். ஒரு முறை வகுத்த கணக்கில் பிசகு இருக்கலாம் என்பதால் நான்கைந்து முறை நிரப்பிய கணக்கைச் சேர்த்து வகுப்பதே சரி.

இதோடு ஏற்றிய எடையையும் எழுதி வையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். 700 கிலோ ஏற்றி லிட்டருக்கு 14 கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஒரு லிட்டரில் ஒரு டன்னை 9.8 கிலோமீட்டர் தூரம் கொண்டு சென்றதற்குச் சமம்; 1,500 கிலோ ஏற்றி 12 கிலோமீட்டர் ஓடிய வண்டியோ 18 கிலோமீட்டர் கொண்டு சென்றிருக்கிறது. மைலேஜ் குறைந்த அந்த இரண்டாவது வண்டிதான் உங்களுக்கு லாபம் தருகிறது. அதற்காக அனுமதித்த எடையைத் தாண்ட வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. ஒரு முறை பிடிபட்டால் பல மாத டீசல் சிக்கனம் அதிலேயே போய்விடும்.

குடியாத்தம் வாசகர்: மதனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வரும்போது, மொகிலி மலைப்பாதை இறக்கத்தில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் விடுகிறார். டீசல் மிச்சம் என்கிறார். உண்மையா?

உண்மையில்லை. இதைத் தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கியரில் இருக்கும் வண்டி இறக்கத்தில் ஓடும்போது காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றுகின்றன; அதை உணரும் கணினி, இன்ஜெக்டருக்குப் போகும் டீசலை முழுவதுமாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால் அந்த இணைப்பு அறுந்து, இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகத் தனியே டீசல் குடிக்கத் தொடங்குகிறது. அதாவது இறக்கம் முழுவதும் கியரில் செலவு பூஜ்யம், நியூட்ரலில் செலவு உண்டு. கணினி இல்லாத பழைய வண்டிகளிலும், டீசல் பம்பில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகம் இறக்கத்தில் டீசலைக் குறைத்து நிறுத்தும் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

செலவைவிடப் பெரிய கவலை உயிரைப் பற்றியது. நியூட்ரலில் இன்ஜினின் தடுப்பு இல்லாததால் முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்குகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் லைனிங் சூடேறினால் மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். இன்ஜினையே அணைத்து இறக்குவது இதைவிடக் கொடுமை: பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் அதிகம் தொடாமல் வண்டி நிதானமாக இறங்கும் கியர் எதுவோ, அதை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

ஆம்பூர் வாசகர்: தோல் தொழிற்சாலைகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் இடையே நாள் முழுவதும் இரண்டு, மூன்று கிலோமீட்டர் நடைதான். புதிய பி.எஸ்.6 வண்டி. மைலேஜ் மோசம், அடிக்கடி ஒரு விளக்கும் எரிகிறது.

நீங்கள் சொல்லும் விளக்கு புகைவடிகட்டியின் விளக்காக இருந்தால், இரண்டு தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றே. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதியால், டீசல் வண்டிகளின் புகைபோக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரி சுமார் 600 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக எரியும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியில் புகையின் சூடே அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். உங்கள் வண்டியோ சூடேறும் முன்பே நின்றுவிடுகிறது; போதாக்குறைக்கு, லோடு இறக்கும் நேரமெல்லாம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் கரி இன்னும் சேர்கிறது. அப்போது கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி வடிகட்டியைச் சூடேற்ற முயல்கிறது. அது முடிவதற்குள் நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டால் செலவான டீசல் வீண். அடுத்த நடையில் மீண்டும் அதே முயற்சி தொடங்கும். எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலப்பதும் உண்டு. ஆகவே ஆயில் அளவுக் கம்பியில் அளவு குறையாமல் ஏறியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிந்தால் ஆம்பூரிலிருந்து பள்ளிகொண்டா வரை நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில், ஒரு கியர் குறைவாகவே வைத்து ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் இருபது நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். எந்த வேகம், எவ்வளவு நேரம் என்பதில் உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. அணையாவிட்டாலோ வேறு விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ மேற்கொண்டு ஓட்டாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். ஆயில் மாற்றும்போது, சாம்பல் குறைந்த வகையாகக் கையேட்டில் குறித்துள்ள ஆயிலையே கேட்டு வாங்குங்கள். வடிகட்டியைக் கழற்றி எறியலாம் என்று யோசனை சொல்பவர்களுக்குச் செவி கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம், அந்தப் புகையை மூச்சில் இழுப்பதும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

அணைக்கட்டு வாசகர்: வேலூர் வெயிலுக்கு டயரில் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்கிறார்களே?

கூடாது. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கி, அதிகம் சூடேறி, டீசலையும் தின்று, வெயில் நாளில் வெடிக்கும் ஆபத்தையும் கூட்டுகிறது. பிக்கப்பின் பின் டயரில் காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. கூடும், கையேட்டில் உள்ள அளவு இதையெல்லாம் கணக்கில் கொண்டு தந்ததே. இலவம்பாடிக் கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு விடியலில் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கிளம்பும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து நிரப்புங்கள். ஓடி வந்த சூட்டில் அளந்து, அதிகமாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் குறைவாகவே இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு என்பதைப் பஞ்சர் கடையில் நீங்களே சொல்லுங்கள்.

காட்பாடி வாசகர்: விடியற்காலையில் டீசல் போட்டால் கூடுதலாகக் கிடைக்குமா?

பங்கின் தொட்டி நிலத்தடியில் இருப்பதால் டீசலின் வெப்பம் பகலிலும் இரவிலும் பெரிதாக மாறுவதில்லை. ஒரு டிகிரி மாறினாலும் 50 லிட்டரில் வித்தியாசம் சுமார் 40 மில்லிதான்.

வாணியம்பாடி வாசகர்: டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மருந்து?

வாங்க வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் ஒன்றைக்கூடக் காணவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல காற்றழுத்தமானி வாங்கி வண்டியில் வையுங்கள்.

போளூர் வாசகர்: கோயம்பேட்டுக்குப் போகும்போது எந்த வேகம் சிக்கனம்?

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 65-இல் போகும் வண்டியை 80-இல் ஓட்டினால் அந்தத் தடை ஒன்றரை மடங்காகிறது. வேலூரிலிருந்து சென்னைக்கான சுமார் 140 கிலோமீட்டரில் மிச்சமாகும் நேரமோ 25 நிமிடத்துக்கும் குறைவு. சந்தை நேரம் நெருக்காத நாளில் 60, 65-ஐத் தாண்ட வேண்டியதில்லை. லோடு கேபினைவிட உயர்ந்தால் தார்ப்பாயைப் படபடக்காமல் இழுத்துக் கட்டுங்கள். காலியாகத் திரும்பும்போது பின்கதவைத் திறந்துவிட்டால் காற்று தடையில்லாமல் போகும் என்ற எண்ணத்துக்கு ஆதாரமில்லை, மூடியே ஓட்டுங்கள்.

வாலாஜா வாசகர்: லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி திடீரென்று 10-க்கு இறங்கிவிட்டது. இன்ஜெக்டரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் செலவில்லாத சோதனைகள் முதலில் முடியட்டும். அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு போங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்தபடி நிற்கிறது என்று பொருள். அடுத்து ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் நழுவுகிறது. இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் கீறல் இருந்தால் சீறும் ஓசையும் கரும்புகையும் வரும். அண்மையில் பெரிய அளவு டயர் மாற்றியிருந்தால் மீட்டரே தூரத்தைக் குறைத்துக் காட்டும். நெடுநேரம் ஓடியும் இன்ஜின் போதிய சூட்டுக்கு வராவிட்டால், இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நிற்கிறது. இவை எல்லாம் சரியாக இருந்தால், இன்ஜெக்டர்களைப் பம்பு சர்வீஸ் கடையில் சோதனை மேசையில் ஏற்றிப் பார்க்கச் சொல்லி, அந்த முடிவைக் கையில் வாங்கிய பிறகே புதியதற்குப் பணம் கொடுங்கள்.